சூடு தணிந்தது, யார் கணக்கில்?

சித்திரை மாதத்து நண்பகல். கோவை காந்திபுரத்தில் ஓர் உணவகத்தின் வாசலில் நின்றிருந்த உணவு விநியோக இளைஞர், வண்டியின் கைப்பிடியில் பொருத்தியிருந்த கைப்பேசியைக் கழற்றி நிழலில் வைத்து ஆற்றிக்கொண்டிருந்தார். உச்சி வேளையில் திரை தானாக மங்கிவிடுகிறதாம். சில நேரங்களில், சூடு தணியும் வரை இயங்காது என்று அறிவிப்பும் வருகிறதாம். 'அப்டேட் போட்டால் சரியாகிவிடும்' என்று கடையில் சொன்னதைக் கேட்டு அதையும் செய்துவிட்டார். சூடு சற்றுக் குறைந்தது உண்மைதான். ஆனால், வரைபடம் திருப்பத்தைக் காட்டுவதற்குள் வண்டி அந்தத் திருப்பத்தைக் கடந்துவிடுகிறது என்றார்.

மென்பொருள் புதுப்பிப்பால் கைப்பேசியின் வேகத்தைக் குறைக்காமல் சூட்டை மட்டும் குறைக்க முடியுமா? தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றினாலும், இதில் பாதி பொருளாதாரக் கேள்வி. அந்தப் பாதியைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்படுவதில்லை.

கைப்பேசிக்குள் பொதுவாக விசிறி கிடையாது. உள்ளே உருவாகும் வெப்பம் மேலுறை வழியாகவே வெளியேற வேண்டும். மேலுறைக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு எவ்வளவோ, ஏறக்குறைய அந்த அளவுக்கே வெப்பம் வெளியேறும். மேலுறை 43 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். வெளிக்காற்று 25 டிகிரி என்றால் வேறுபாடு 18. வெளிக்காற்று 40 டிகிரி என்றால் வேறுபாடு வெறும் 3. வெளியேறும் வெப்பம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. நேரடி வெயிலைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்துமாறு அறிவுறுத்துகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவையிலேயே ஏப்ரலில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த அறிவுரையை அப்படியே கடைப்பிடித்தால், கொங்கு நாட்டில் கோடைப் பகலில் வெளியே தொழில் செய்பவர் எவரும் ஐபோனைக் கையில் எடுக்கக் கூடாது!

சூட்டில் இருவகை உண்டு என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, வீண் சூடு. மென்பொருளில் உள்ள பிழையால் ஏதோ ஒரு செயலி பின்னணியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். பயனருக்கு அதனால் பலன் எதுவும் இல்லை. 2023 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த ஐபோன் 15 புரோ கைப்பேசிகள் அளவுக்கு மீறிச் சூடாவதாகப் புகார் எழுந்தபோது, ஐஓஎஸ் 17-இல் இருந்த பிழையையும் சில வெளிநிறுவனச் செயலிகளையும் ஆப்பிள் காரணமாகக் கூறியது. அக்டோபர் 4 அன்று ஐஓஎஸ் 17.0.3 வெளியானது. சூட்டைத் தணிக்கச் சிப்பின் திறனைக் குறைக்கப் போவதில்லை என்றும் அந்நிறுவனம் கூறியிருந்தது. வீண் சூடாக இருக்கும் வரை இத்தகைய வாக்குறுதி முற்றிலும் சாத்தியமானதே. ஒழுகும் குழாயை அடைத்தால் தோட்டத்துக்குப் போகும் தண்ணீர் குறையாது.

மற்றொன்று, உழைப்பின் சூடு. சிப் வேலை செய்வதாலும், பேட்டரி மின்னேற்றம் பெறுவதாலும் எழும் சூடு அது. இதைக் குறைக்க வேண்டுமானால், மென்பொருள் பெரும்பாலும் வேலையைத்தான் குறைக்க வேண்டும். சிப் செலவிடும் மின்திறன், அதன் வேகத்தையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. இரண்டையும் பத்துப் பத்து விழுக்காடு குறைத்தால் மின்செலவு ஏறத்தாழ 27 விழுக்காடு குறைகிறது. சிறிதளவு வேகத்தை விட்டுக்கொடுத்தால் பேரளவு சூடு தணிகிறது. நிறுவனங்களுக்கு இது மிகவும் கவர்ச்சியான பேரம். குளிரூட்டிய அறையில் செய்தி வாசிப்பவருக்கு அந்த இழப்பு தெரியவே தெரியாது. வெயிலில் ஒரே நேரத்தில் வரைபடம், ஆர்டர் செயலி, தொலைபேசி அழைப்பு மூன்றையும் ஓட்டுபவருக்குத் தெரியும்.

உழைப்பின் சூட்டைத் தணிக்க வந்த புதுப்பிப்புகளுக்கு அண்மைக்கால உதாரணங்கள் உண்டு. கூகுள் நிறுவனம் 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ கைப்பேசிகளுக்குத் தானாகவே நிறுவிக்கொள்ளும் ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. சில கைப்பேசிகளில் அது பேட்டரியின் பயன்படு கொள்ளளவையும் மின்னேற்றத் திறனையும் குறைத்தது. பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகும் அபாயமே காரணம். அதே ஆண்டு ஜூலையில் பிக்சல் 6ஏ கைப்பேசிகளில் சிலவற்றுக்கும் அதே கதி. 400 மின்னேற்றச் சுழற்சிகளைத் தாண்டியதும் கொள்ளளவு குறைக்கப்படும் என்றது நிறுவனம். இலவச பேட்டரி மாற்றம், பணம் போன்ற ஈடுகளையும் அது அறிவித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்ததைக் குறைகூற முடியாது. ஆனாலும், காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு பகுதியை, விற்றவர் எட்ட இருந்தபடியே திரும்ப எடுத்துக்கொள்வது வணிக வரலாற்றில் புதிது.

கோவையில் மோட்டார் பம்புசெட்டை அறியாதவர் குறைவு. கிணற்று மோட்டாருக்கு மின்னழுத்தம் குறைந்தாலோ சுமை கூடினாலோ காயில் சூடேறிப் புகைந்துவிடும். அதைத் தடுக்க ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஓவர்லோடு ரிலே இருக்கிறது. சூடு எல்லை மீறினால் அது மோட்டாரை நிறுத்திவிடும். கைப்பேசியில் சிப்பின் வேகத்தைக் குறைக்கும் மென்பொருளும் இதே வேலையைத்தான் செய்கிறது. வேறுபாடு எங்கே என்றால், ரிலே விழுந்தால் விவசாயிக்குத் தெரியும். எத்தனை ஆம்பியரில் விழ வேண்டும் என்ற திருகு அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மோட்டாரை விற்ற நிறுவனம் இரவோடு இரவாக அந்தத் திருகைத் திருப்பி, ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை நான்கு குதிரைத்திறனாக்கிவிட்டுப் போனால் சூலூரிலோ பல்லடத்திலோ எந்த விவசாயியாவது பொறுத்துக்கொள்வாரா?

2022-இல் சாம்சங்கின் கேலக்ஸி கைப்பேசிகளில் விளையாட்டுச் செயலிகளின் திறனை மட்டுப்படுத்தும் மென்பொருள் இருப்பதும், வேகத்தை அளக்கும் சோதனைச் செயலிகளை அது தொடாமல் விட்டிருப்பதும் வெளிப்பட்டன. கீக்பெஞ்ச் என்னும் சோதனைத் தளம் அந்தக் கைப்பேசிகளைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. எதிர்ப்பு வலுத்த பிறகு, கட்டுப்பாட்டைப் பயனரே தளர்த்திக்கொள்ளும் வசதியைப் புதுப்பிப்பாக நிறுவனம் அளித்தது. திருகைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க முடியாது என்ற வாதம் அன்றே அடிபட்டுப்போனது.

பொருளியலில் இதற்குத் தகவல் சமச்சீரின்மை என்று பெயர். பழைய கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையை என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை பழுதுபடும் என்பது அதன் சாரம். அங்கே பேரம் முடிந்ததும் விற்பவர் விலகிவிடுவார். இங்கே விற்ற பிறகும் பொருளின் தன்மையை மாற்றும் அதிகாரம் விற்றவரிடமே இருக்கிறது. பழைய கைப்பேசி மந்தமாகும்போதெல்லாம் புதியது விற்பனையாக வாய்ப்பு உண்டு. ஆகவே, நோக்கம் நேர்மையாக இருந்தாலும் சந்தேகம் எழத்தான் செய்யும். பழுதடைந்த பேட்டரியால் ஐபோன்கள் திடீரென அணைந்துபோவதைத் தடுக்க 2017-இல் வந்த புதுப்பிப்பு அவற்றின் வேகத்தைக் குறைத்தது. அவ்வாண்டு டிசம்பரில்தான் ஆப்பிள் அதை ஒப்புக்கொண்டது. பிரான்ஸ் 2020-இல் அந்நிறுவனத்துக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. வேகத்தைக் குறைக்கக்கூடும் என்பதைப் பயனர்களுக்குச் சொல்லாமல் விட்டதே அங்கு குற்றமாகக் கொள்ளப்பட்டது.

இந்தியா இந்த விஷயத்தில் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. ஐஓஎஸ் 18 புதுப்பிப்புக்குப் பின் ஐபோன்களின் செயல்பாடு பாதிக்கப்பட்டதாகத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார்கள் வந்ததையடுத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பதாக 2025 ஜனவரியில் அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவித்தார். கைப்பேசிகளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீட்டுக்கான பரிந்துரையும் அதே ஆண்டில் அரசிடம் அளிக்கப்பட்டது. பொருளின் தரத்தையும் அளவையும் ஆற்றலையும் அறியும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வழங்குகிறது. விற்ற பின் பேட்டரியின் கொள்ளளவு மாற்றப்பட்டால், அதை முன்கூட்டியே அறிவிப்பது இந்த உரிமைக்குள் அடங்கும் என்று ஆணையம் தெளிவுபடுத்தினால் போதும். புதிய சட்டம் தேவையில்லை.

புதுப்பிப்பு அறிவிப்பில் 'பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, வேகமும் பேட்டரிக் கொள்ளளவும் எவ்வளவு குறையும் என்று எண்ணால் சொல்ல வேண்டும். தீ அபாயம் இல்லாத நிலையில் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி திறந்திருக்க வேண்டும். கைப்பேசியின் திறனை 40 டிகிரி சூழலிலும் அளந்து பெட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், 800 மின்னேற்றச் சுழற்சிகளுக்குப் பிறகும் பேட்டரியில் 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் உலகத்துக்கே கைப்பேசி செய்து அனுப்பும் மாநிலம், தன் வெயிலுக்கு ஏற்ற அளவுகோலைக் கேட்பது பேராசை ஆகாது.

அந்த இளைஞரை மறுவாரம் மீண்டும் பார்த்தேன். கைப்பேசிக்கு மேலே அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு சிறு கூரை கட்டியிருந்தார். "ஏனுங்கய்யா, பழைய அப்டேட்டுக்கே திரும்பப் போக முடியுங்களா?" என்று கேட்டார். சேவை மையத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.