கைத்தொலைபேசி ஒலிப்பதிவின் பழுதும் மீட்பும்

மனிதன் பேசிய பேச்சைக் காற்றோடு போகவிடாமல் பிடித்து வைக்கும் வேலை ஒரு காலத்தில் பெரிய யந்திரங்களுக்கும் தேர்ந்த நிபுணர்களுக்குமே உரியதாயிருந்தது. இன்று அவ்வேலையைச் சட்டைப் பையில் அடங்கும் கைத்தொலைபேசி செய்துவிடுகிறது. கிராமத்து மூதாட்டியின் தாலாட்டு, ஆசிரியரின் விரிவுரை, ஊர்ச் சபையின் நடவடிக்கை, வழக்கில் சாட்சியமாகக் கூடிய உரையாடல் ஆகிய யாவும் அதில் பதிவாகின்றன. ஆனால் பதிவின் நடுவே பாட்டரி தீர்ந்துபோனாலும், நினைவகம் நிரம்பிவிட்டாலும், பதிவு செய்யும் நிரல் திடீரென்று நின்றுவிட்டாலும், பின்னர் அக்கோப்பைத் திறக்க இயலாமற் போகக்கூடும். கோப்பு பழுதுற்றது என்ற அறிவிப்பு மட்டுமே திரையில் தோன்றும். ஒரு மணி நேரப் பேச்சு முழுவதும் அழிந்துவிட்டதென்று எண்ணிப் பலர் அக்கோப்பையே நீக்கிவிடுகின்றனர்.

இவ்வெண்ணம் பெரும்பாலும் தவறானது. இத்தகைய நிலையில் குரல் அழிவதில்லை. குரலின் பகுதிகள் எங்கெங்கே உள்ளன என்று காட்டும் அட்டவணையே எழுதப்படாமற் போகிறது. இதனை உணர்ந்தால் இரண்டு முடிவுகள் பெறப்படும். முதலாவது, பதிவைப் பொறுமையுடன் முயன்றால் மீட்கலாம். இரண்டாவது, இப்பழுது நேர்ந்தே தீரவேண்டியதன்று. கருவியின் அமைப்பில் உள்ள ஒரு குறையே அதற்குக் காரணம். மீட்புக் கலை வளர்வது நன்று. மீட்கவேண்டிய தேவையே எழாதபடி கருவிகளை அமைப்பது அதனினும் நன்று.

பழைய முறைகளோடு ஒப்பிட்டால் இக்குறை தெளிவாகும். 1913-ஆம் ஆண்டு முதல் 1929-ஆம் ஆண்டு வரை, ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழி ஆய்வுப் பணியின் ஒரு பகுதியாக, இந்நாட்டு மொழிகள் பலவற்றின் பேச்சு கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்யப்பட்டது. அரக்கு கலந்த அத்தட்டுகள் எளிதில் உடைபவை, எளிதில் கீறலுறுபவை. எனினும் தட்டின் குறுக்கே ஒரு கீறல் விழுந்தால், சுழற்சிக்கு ஒரு முறை ஒரு சிறு தட்டலொலி எழுமேயன்றிப் பேச்சு மறைந்துவிடுவதில்லை. நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் தட்டில் அவ்வொலியும் 78 முறை எழும். அதனூடே பேச்சும் கேட்டுக்கொண்டிருக்கும். அப்பதிவுகள் இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. அங்கே ஓரிடத்துப் பழுது ஓரிடத்தோடு நின்றது. கைத்தொலைபேசியிலோ ஓரிடத்துக் குறை பதிவு முழுவதையும் ஊமையாக்கிவிடுகிறது.

இதன் காரணம் பதிவு நிகழும் முறையில் உள்ளது. கருவியின் ஒலிவாங்கி ஒலியலையை மின்னலையாக மாற்றுகிறது. அம்மின்னலை வினாடிக்கு 44,100 முறை அல்லது 48,000 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. அவ்வெண்களை அப்படியே எழுதினால் மிகுந்த இடம் வேண்டும். ஆகவே அவை சுருக்கப்படுகின்றன. பெருவழக்காயுள்ள ஏ.ஏ.ஸி. முறையில் 1,024 அளவுகள் சேர்ந்து ஒரு துண்டாகின்றன. வினாடிக்கு 44,100 அளவுகள் எனக் கொண்டால், ஒரு துண்டு சுமார் 23 மில்லி வினாடி நேரத்து ஒலியைக் கொண்டிருக்கும். ஒரு மணி நேரப் பதிவில் ஏறத்தாழ 1,55,000 துண்டுகள் இருக்கும். அவை யாவும் ஒரே நீளமுடையவை அல்ல. ஒலி செறிந்த துண்டு நீண்டும், மௌனம் நிறைந்த துண்டு குறுகியும் இருப்பது இயல்பு.

எம்.பி.4 வகைக் கோப்பில் இத்துண்டுகள் எல்லைக்குறி எதுவுமின்றி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் நீளமும் இருப்பிடமும், வினாடிக்கு எத்தனை அளவுகள் என்ற விவரமும் 'மூவ்' எனப்படும் தனிப்பகுதியில் இடம் பெறுகின்றன. பதிவு முடியும் வரையில் அட்டவணை நிறைவுறாதாகையால், கருவி அதனைத் தன் தற்காலிக நினைவில் வைத்திருந்து, நிறுத்தும் பொத்தானை அழுத்திய பின்னரே கோப்பில் எழுதுகிறது. அதற்குள் மின்சாரம் நின்றுவிட்டால் அட்டவணையும் மறைந்துவிடும். வினாடிக்கு 1,28,000 பிட்டுகள் வீதம் ஒரு மணி நேரம் செய்த பதிவு 5 கோடியே 76 லட்சம் பைட்டுகள் கொண்டது. ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் குறிக்க 4 பைட்டுகள் வீதம் ஆகும் இடம் சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம் பைட்டுகளே. நூற்றில் ஒரு பங்கு இல்லாமையால் எஞ்சிய தொண்ணூற்றொன்பது பங்கும் பயனற்றுக் கிடக்கிறது.

புள்ளியும் இடைவெளியுமின்றி எழுதப்பட்ட ஓலைச்சுவடியை இதற்கு உவமையாகக் கூறலாம். மொழியறியாதவனுக்கு அது வெறும் எழுத்துக் கூட்டம். மொழியறிந்தவனோ முதற்சொல்லைப் படித்து, அது முடியுமிடத்தைக் கண்டு, அடுத்த சொல்லுக்குச் செல்கிறான். ஒலிப்பதிவை மீட்கும் நிரல்களும் இவ்வாறே செய்கின்றன. முதல் துண்டிலிருந்து சுருக்கத்தை விரித்துக்கொண்டே சென்றால் அது முடியுமிடம் தானே புலப்படும். ஏ.ஏ.ஸி. முறையில் ஒவ்வொரு துண்டும் 111 என்ற மூன்று பிட்டுகளாலான முடிவுக்குறியைப் பெற்றிருப்பதும் இதற்குத் துணையாகிறது. இவ்வாறு எல்லைகளைக் கண்டு புதிய அட்டவணையொன்றை அமைத்துவிட்டால் ஊமைக் கோப்பு மீண்டும் பேசும். 'அன்ட்ரங்க்' என்னும் இலவச நிரல் இவ்வகைப் பணிக்கென்றே எழுதப்பட்டது. பழுதுற்ற கோப்போடு, அதே கருவியில் அதே அமைப்பில் செய்யப்பட்ட பழுதற்ற பதிவு ஒன்றையும் அது வேண்டுகிறது. அளவு வீதம் முதலிய விவரங்களை அதிலிருந்தே அறிந்துகொள்கிறது.

இவ்விவரங்கள் எத்துணை இன்றியமையாதவை என்பதை ஒரு பழைய பதிவின் வரலாறு காட்டும். 1860-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான எட்வர்ட் லியோன் ஸ்காட் என்பவர், புகைக்கரி படிந்த தாளில் ஒலியலையின் வடிவத்தைக் கோடாக வரையும் கருவியைக் கொண்டு ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அக்கோட்டை மீண்டும் ஒலியாக்கும் வழி அப்பொழுது இல்லை. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அத்தாளின் நுண்ணிய படத்திலிருந்து ஒலியை மீட்டனர். முதலில் அது ஒரு பெண்ணின் அல்லது சிறுமியின் குரலாகக் கருதப்பட்டது. வேகத்தை இரு மடங்காகக் கொண்டுவிட்டனர் என்பது 2009-இல் தெரிய வந்தது. வேகத்தைத் திருத்தியபோது அது ஆண்குரலாயிற்று. குரல் கிடைத்தும் வேகம் தெரியாமையால் பாடியவர் வேறாகிவிட்டார். கைத்தொலைபேசிப் பதிவிலும் இது நேரலாம். 48,000 வீதத்தில் பதிவான பேச்சை 44,100 வீதத்தில் ஒலிக்கச் செய்தால், அது நூற்றுக்கு எட்டுப் பங்கு தாமதித்தும் தாழ்ந்தும் கேட்கும்.

பழுது நேர்ந்தவுடன் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவதாக, அக்கருவியில் புதிதாக எதையும் பதிவு செய்யலாகாது. பழைய ஒலியிருந்த இடத்தில் புதியது எழுதப்பட்டுவிட்டால் அதனை எவராலும் மீட்க இயலாது. இரண்டாவதாக, பழுதுற்ற கோப்பை நீக்கலாகாது. இக்காலக் கைத்தொலைபேசிகளின் உள்நினைவகம் மறைகுறியில் எழுதப்படுவதாலும், நீக்கிய இடத்தைக் கருவி விரைவில் துடைத்துவிடுவதாலும், நீக்கிய கோப்பைத் திரும்பப் பெறுவது மிக அரிது. மூன்றாவதாக, கோப்பைப் பிரதியெடுத்துக்கொண்டு பிரதியின்மீதே சோதனைகளைச் செய்தல் வேண்டும். மூலக் கோப்பு தொடப்படாமலிருக்க வேண்டும்.

மீட்பதற்கும் புனைவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே வற்புறுத்தத்தக்கது. எழுதப்பட்டிருக்கும் ஒலியை ஒழுங்குபடுத்துவது மீட்பு. எழுதப்படாத ஒலியை எந்த நிரலாலும் மீட்க முடியாது. ஆனால் செயற்கை அறிவைக் கொண்டு பேச்சின் இடைவெளிகளை நிரப்பித் தரும் நிரல்கள் இப்பொழுது பெருகியுள்ளன. அவை இட்டு நிரப்புவது, பேசியவர் கூறியிருக்கக்கூடும் என்று யந்திரம் ஊகித்த ஒலியே அன்றி, அவர் கூறிய ஒலியன்று. இன்னிசைக்கு அது பொருந்தலாம். சாட்சியத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பொருந்தாது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதீய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு அளிக்கும் சான்றிதழில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பையும் குறிக்கும்படி கோருகிறது. கோப்பில் ஒரு பிட்டு மாறினும் அம்மதிப்பு மாறிவிடும். ஆகவே மீட்கப்பட்ட கோப்பு மூலக் கோப்பன்று என்பதை மறைக்காமல், இரண்டையும் காத்து, மீட்ட முறையையும் எழுதி வைப்பதே நேர்மை.

இனி, பழுதையே தவிர்க்கும் வழியைக் கருதலாம். குறுந்தகட்டை வகுத்த பொறியாளர்கள் அது கீறலுறும் என்று முன்னரே எதிர்பார்த்தனர். 1960-ஆம் ஆண்டில் ரீட், சாலமன் என்னும் கணித அறிஞர் இருவர் வெளியிட்ட பிழை திருத்தும் முறையை அதில் அமைத்தனர். 1982-இல் விற்பனைக்கு வந்த அத்தகட்டில் சிறு கீறல்கள் கேட்போரின் செவிக்கு எட்டாமலே திருத்தப்பட்டன. பாட்டரி தீர்வது குறுந்தகட்டின் கீறலைவிட அரிய நிகழ்ச்சியன்று. அதனை எதிர்பாராமல் ஒலிப்பதிவு நிரலை எழுதுவது, மழையை எதிர்பாராமல் வீட்டுக்குக் கூரை வேய்வது போன்றதே.

இதற்குரிய முறைகள் புதியனவுமல்ல. பழைய கைத்தொலைபேசிகளில் வழங்கிய ஏ.எம்.ஆர். வகைக் கோப்பில் தலைப்பு 6 பைட்டுகளே. 20 மில்லி வினாடிக்கு ஒரு துண்டு வீதம், ஒவ்வொன்றும் தன் நீளத்தைத் தன் முதற் பைட்டிலேயே அறிவிக்கும். எங்கே நின்றுபோனாலும் அதுவரை பதிவானதைக் கேட்கலாம். ஆக் வகைக் கோப்பு, 65,307 பைட்டுகளுக்கு மேற்படாத பக்கங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கமும் தனக்குரிய தொடக்கக் குறியையும் பிழையறியும் எண்ணையும் பெற்றிருக்கிறது. எம்.பி.4 தரத்திலேயே பதிவைச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பகுதிக்கோர் அட்டவணை எழுத இடமுண்டு. ஐந்து வினாடிக்கு ஒரு முறை அட்டவணை எழுதப்படுமாயின் இழப்பு அந்த ஐந்து வினாடியை ஒட்டியே நிற்கும்.

பகுதி பகுதியாக எழுதிய கோப்பைச் சில கருவிகள் ஏற்பதில்லை என்று கூறப்படலாம். இத்தடை பெரிதன்று. பதிவு முறையாக நிறைவெய்தியபின் அட்டவணைகளை ஒன்றாகத் தொகுத்து வழக்கமான வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பதிவு நடைபெறும் வேளையில் மட்டும் பாதுகாப்பு இருந்தால் போதும். கோப்பு சற்றுப் பெரிதாகும் என்பதும் ஒரு காரணமாகாது. சுருக்கம் சிறிதுமின்றி வேவ் வடிவில், வினாடிக்கு 48,000 அளவுகளாகவும் அளவுக்கு 16 பிட்டுகளாகவும் ஒற்றை வழியில் பதிவு செய்தால்கூட, ஒரு மணி நேரத்துக்கு 34 கோடியே 56 லட்சம் பைட்டுகளே ஆகும். இன்றைய நினைவகங்களுக்கு இது சுமையன்று. வேவ் கோப்பின் தலைப்பு கெட்டாலும், எஞ்சிய எண்களை ஆடாசிட்டி முதலிய நிரல்கள் நேரே ஒலியாக வாசித்துவிடும். ஒலிக் காப்பகங்கள் சுருக்கமில்லா வடிவத்தை விரும்புவதில் வியப்பில்லை.

பொது நிறுவனங்கள் இதில் முன்வர வேண்டியதற்குத் தக்க காரணம் உண்டு. 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்தமானில் போவா சீனியர் என்னும் மூதாட்டி காலமானார். போ மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவரே. மொழியியலறிஞர் அன்விதா அப்பி முன்னரே பதிவு செய்திருந்தமையால் அவரது குரல் எஞ்சி நிற்கிறது. 10,000-க்குக் குறைந்தவர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் பொருட்டு மத்திய அரசு 2013-இல் வகுத்த திட்டத்தை மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் நடத்துகிறது. இத்தகைய மொழிகளைப் பேசுவோர் முதியோர். மின்சாரம் எளிதிற் கிட்டாத இடங்களிலும் அவர்கள் வாழ்கின்றனர். அவர்களிடம் மற்றொரு நாள் வந்து மீண்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று எவரும் உறுதி கூற இயலாது.

ஆகவே அரசாங்கப் பணத்தில் வாங்கப்படும் ஒவ்வொரு பதிவுக் கருவியும், பரிந்துரைக்கப்படும் ஒவ்வொரு பதிவு நிரலும் ஓர் எளிய சோதனைக்கு உட்பட வேண்டும். பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதுவரை பேசியது கேட்கிறதா என்று பார்ப்பதே அச்சோதனை. அதற்கு ஆய்வுக்கூடமும் வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம். அச்சோதனையில் தேறாத கருவி வேறெவ்வளவு சிறப்புடையதாயினும், திரும்பக் கிடைக்காத குரலைப் பதிவு செய்யத் தகுதியற்றது.