கம்பெனி வரி யார் தலையில் விழுகிறது?

2019 செப்டம்பர் 20 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார். சலுகைகள் எதையும் கேட்காத நிறுவனங்களுக்கு மட்டும்தான் இந்த விகிதம். சென்செக்ஸ் அன்று ஒரே நாளில் 1,900 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அவரே சொன்னார். வரி இவ்வளவு குறைந்தால் கடையில் விலையும் குறைய வேண்டாமா என்று பலரும் கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு வரிகளை ஒன்றாக எண்ணுவதிலிருந்து பிறந்த கேள்வி. ஜிஎஸ்டி பொருளின் விலைமேல் ஏறுவது, பில்லிலேயே தெரியும். கம்பெனி வரி அப்படியில்லை. மூலப்பொருள், சம்பளம், வாடகை, வட்டி எல்லாம் போக மிஞ்சும் லாபத்தில்தான் அதைக் கட்டவேண்டும். லாபம் இல்லாத ஆண்டில் பெரும்பாலும் இந்த வரியும் இல்லை.

ஒரு பெரிய சோப்பு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 100 ரூபாய் விற்பனையில் வரிக்கு முந்தைய லாபம் 12 ரூபாய் என்று வைப்போம். கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்துப் பழைய விகிதம் சுமார் 34.9 சதவீதம், புதியது 25.17. அதாவது 4 ரூபாய் 19 காசாக இருந்த வரி 3 ரூபாய் 2 காசாகிறது. மிச்சம் 1 ரூபாய் 17 காசு. அத்தனையையும் வாடிக்கையாளருக்கே விட்டுக்கொடுத்தாலும் 40 ரூபாய் சோப்பில் அரை ரூபாய்கூடக் குறையாது. விட்டுக்கொடுக்கவும் அவசரமில்லை: எந்த விலையில் லாபம் அதிகமோ அதே விலைதான் வரி குறைந்த பிறகும் லாபகரமானது. போட்டியாளர் விலையை இறக்கினால் அது வேறு கதை.

அப்படியானால் சுமை யாருக்கு? கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில்தான் ஒரு ஆள். வரியின் வலி கடைசியில் பங்குதாரர், தொழிலாளி, வாடிக்கையாளர் ஆகிய மூவரில் யாருக்காவது போய்ச் சேரும். இடத்தைவிட்டு நகர முடியாதவருக்கே அதிகம் சேரும். ஜெர்மனியில் தொழில் வரி ஊருக்கு ஊர் மாறுபடும். அந்த ஊர்களின் 20 ஆண்டுக் கணக்கைப் பார்த்து ஃபூஸ்ட், பைக்கல், சீக்லோக் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வரி உயர்ந்தபோது சுமையில் ஏறக்குறைய பாதி சம்பளக் குறைவாகத் தொழிலாளர்மேல் இறங்கியிருந்தது. மூலதனம் பக்கத்து ஊருக்குப் போய்விடும். வீடும் பிள்ளைகளின் பள்ளியும் உள்ளவர் எங்கே போவார்?

அதைத் திருப்பிப் போட்டு, வரி குறைந்தால் சம்பளமும் வேலையும் கூடும் என்று சொல்லிவிடலாமா? 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை அவ்வளவு தெம்பு தரவில்லை. 2023-24இல் பெரிய நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் கூடியபோது அவற்றில் வேலைவாய்ப்பு 1.5 சதவீதமே கூடியது என்கிறது அரசின் அந்த அறிக்கை. வரிக்குறைப்பு ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. நடுவில் கொரோனாவும் வந்துபோனது. ஆனாலும் சந்தையில் விற்பனை மந்தமாக இருக்கும்போது, கையில் மிஞ்சிய பணத்தைப் புதிய ஆலையில் போட எந்த முதலாளியும் முன்வரமாட்டார். கடனை அடைப்பார், டிவிடெண்ட் கொடுப்பார். 2019இன் குறைப்பில் முதல் பங்கு பங்குதாரருக்கே போனது என்பது என் கணிப்பு. சென்செக்ஸ் அன்றே அதைச் சொல்லிவிட்டது.

இந்தக் குறைப்பு எட்டாத இடங்களும் உண்டு. திருப்பூரிலோ சிவகாசியிலோ நாலு பேர் கூட்டாக நடத்தும் பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு வரி இன்னும் 30 சதவீதம்தான், அதன்மேல் செஸ். தனி ஒருவர் நடத்தும் பட்டறை அவருடைய சொந்த வருமான வரியில் வரும். ‘தொழில்துறைக்கு வரிச்சலுகை’ என்று செய்தி வரும்போது எந்தத் தொழிலுக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அரசின் கல்லாப்பெட்டியிலும் வரிசை மாறிவிட்டது. 2018-19இல் கம்பெனி வரி சுமார் 6.6 லட்சம் கோடி. தனிநபர் வருமான வரி அதைவிட வெகுவாகக் குறைவு. 2023-24இல் கம்பெனிகள் கட்டியது சுமார் 9.1 லட்சம் கோடி, தனிநபர்கள் கட்டியது சுமார் 10.4 லட்சம் கோடி. மாதச் சம்பளக்காரருக்கோ வரி சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது. அதை வேறு யார் தலையிலும் ஏற்றிவிட அவருக்கு வழியில்லை.