தீப்பொறியா, அழுத்தமா?

பெற்றோல் என்ஜினின் காலம் முடிஞ்சுது, இனி எல்லாம் பற்றரிதான் என்று ஒரு பக்கம் சொல்லுவினம். மின்சாரக் கார் எங்கட நாட்டுக்குச் சரிவராது என்று இன்னொரு பக்கம். இந்தச் சண்டைக்கு நடுவில், பெற்றோல் என்ஜினுக்குள்ளேயே நடந்த ஒரு நல்ல வேலையைப் பற்றிப் பேச ஆளில்லை.

விசயம் இதுதான். பெற்றோல் என்ஜினில் பிளக்கின் பொறிதான் கலவையைப் பற்றவைக்கும். டீசலில் பொறியே இல்லை. காற்றை இறுக்கி அமத்த, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றும். டீசல் சிக்கனமானது, ஆனால் புகை கூட. அப்படியென்றால் பெற்றோலையும் அழுத்தத்தால் பற்றவைத்தால் என்ன? ஜெனரல் மோட்டர்ஸ் 2007 இல் அப்படியான பரிசோதனைக் கார்களை ஓட்டியே காட்டியது. ஆனால் அந்த முறை குறிப்பிட்ட வேகத்திலும் சுமையிலும்தான் ஒழுங்காக வேலை செய்யும். மற்ற நேரம் பொறிக்குத் திரும்பவேண்டும். அந்த மாற்றத்தைக் கட்டுப்படுத்துவதுதான் பெரிய தலையிடி.

மஸ்டா 2019 இல் விற்பனைக்கு விட்ட ஸ்கைஆக்டிவ்-எக்ஸ் என்ஜின் இதற்கு வழி கண்டது. வழமையில் 1 கிராம் பெற்றோலுக்கு 14.7 கிராம் காற்று. இதில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் காற்று விடலாம். இவ்வளவு ஐதான கலவையில் பொறியின் சுவாலை சரியாகப் பரவாது. அதனால் கலவையைத் தானாகப் பற்றும் நிலைக்குக் கிட்டவரை இறுக்கி, பிளக்கைச் சுற்றி மட்டும் கொஞ்சம் செறிவாக வைக்கிறார்கள். பொறி அங்கே சின்னத் தீப்பந்தை உண்டாக்கும். அது விரிந்து மிச்சக் கலவையையும் அமத்த, எல்லாம் ஒரேயடியாகப் பற்றும். குளிரில் ஸ்ராட் பண்ணும்போதும் உச்ச வேகத்திலும் மட்டும் அது சாதாரண பெற்றோல் என்ஜின்தான். பிளக்கைக் கழற்றி எறியேல்லை. எப்போது பற்றவேண்டும் என்று சொல்லுற வேலையை அதுக்குக் குடுத்திருக்கினம்.

குறை இல்லையா? இருக்கு. தங்கள் பழைய பெற்றோல் என்ஜினைவிட 20 முதல் 30 வீதம் திறன் கூடும் என்று 2017 இல் மஸ்டா சொன்னது. ஆனால் உயர் அழுத்த எரிபொருள் விசிறல், காற்றைத் தள்ளும் பம்பி, சென்சர்கள் என்று சாமான் கூட, விலையும் கூட. சாதாரண சனத்துக்கு எட்டாத சிக்கனம் அரைச் சிக்கனம்தான்.

இருந்தாலும் இந்தப் பாதை தேவை என்பதே எங்கள் நிலைப்பாடு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள், நாலு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய சனம் நாங்கள். 2022 இல் கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கினதும் நாங்கள்தான். இங்கே வீதியில் ஓடுற லட்சக்கணக்கான பெற்றோல் வண்டிகள் நாளைக்கே மறையப்போவதில்லை. மின்சார வாகனம் வரட்டும், வரவேண்டும். அதுவரைக்கும் ஒவ்வொரு லீற்றரிலும் மிச்சப்படுவது டொலர்தான்.

ஆகவே பொறியியல் படிக்கிற தம்பி தங்கச்சிமாரே, என்ஜினைப் பழசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்தச் சிக்கனத்தை மலிவாகச் செய்யிறது எப்படி என்ற கேள்விக்கு இன்னும் ஆள் தேவை.