அவையச்சம்

ஆசிரியர் வகுப்பில் ஒரு வினா எழுப்புகின்றார். மாணவன் ஒருவனுக்கு விடை நன்கு தெரியும். ஆயினும் அவன் நெஞ்சு படபடக்கின்றது, நா உலர்கின்றது. எழலாமா, வேண்டாவா என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கும்போதே வேறொருவன் எழுந்து அரைகுறையாக ஏதோ சொல்லி அமர்கின்றான். விடை தெரிந்தவன் தலைகவிழ்ந்திருக்கின்றான். மாணவர்களே, உங்களுள் பலர் இந்நிலையை அறிந்திருப்பீர்கள்.

நம் முன்னோர் இதனைச் சிறு குறையென்று தள்ளிவிடவில்லை. திருவள்ளுவர் அவையறிதலை முன்னர் வைத்து, அதனை அடுத்து 73ஆம் அதிகாரமாக அவையஞ்சாமையை அமைத்தார். போர்க்களம் புகுந்து உயிர்விடத் துணிபவர் பலர் உளர். கற்றோர் அவையில் அஞ்சாது பேச வல்லவரோ சிலரே என்பது அவர் கருத்து. கற்றவற்றை அவையில் எடுத்துரைக்க இயலாதவனுக்கு அவன் கற்ற நூல்களால் யாது பயன்?

இவ்வச்சம் பிறவியோடு வந்தது, மாற்ற இயலாதது என்று சிலர் கூறுவர். யான் அதனை உடன்படேன். காந்தியடிகள் தம் ‘சத்திய சோதனை’யில் ஒளிவுமறைவின்றி எழுதியிருப்பவற்றைப் படித்தவர் எவரும் அதனை உடன்படார்.

அவர் இளமையில் மிகவும் கூச்சமுடையவர். பள்ளி மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவாராம். எவரேனும் தம்மிடம் பேச்சுக் கொடுத்துவிடுவரோ என்னும் அச்சமே காரணம். 1888ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்றபோதும் அக்கூச்சம் அவருடன் கப்பலேறிச் சென்றது. அங்கே மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் அவர் உறுப்பினரானார். ஒருமுறை குழுவில் ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. தம் எண்ணத்தைத் தாளில் எழுதிக்கொண்டு சென்றார்; படிக்கத் துணிவு வரவில்லை; வேறொருவர் படித்தார். வெண்ட்னர் என்னும் ஊரில் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்றார். கண் மங்கிற்று, உடல் நடுங்கிற்று. கையிலிருந்த உரையோ ஒரு தாளளவே. அதனையும் உடன் வந்த நண்பரே படித்து முடித்தார். அச்சங்கத்தின் இதழில் கட்டுரைகள் எழுதிய கை அவருடையதே, நாவோ ஒத்துழைக்கவில்லை.

1891இல் வழக்கறிஞராக நாடு திரும்பினார். பம்பாயில் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு. ஊதியம் 30 ரூபாய். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுழன்றது, நீதிமன்றமே சுழல்வது போலிருந்தது. கேட்பதற்கு ஒரு வினாவும் தோன்றவில்லை. அமர்ந்துவிட்டார். பட்டேல் என்னும் வேறொரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுமாறும், தமக்குக் கொடுத்த ஊதியத்தைத் திரும்பப் பெறுமாறும் கூறி விரைந்து வெளியேறினார். வழக்கு வென்றதா, தோற்றதா என்பதும் அவருக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்கா செல்லும்வரை அவர் மீண்டும் நீதிமன்றம் ஏறவில்லை.

1893ஆம் ஆண்டு ஒரு வணிகரின் வழக்கின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். வழியில் புகைவண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட செய்தியை நீங்கள் அறிவீர்கள். பிரிட்டோரியா நகரை அடைந்ததும், அங்கு வாழ்ந்த இந்தியரையெல்லாம் ஒரு வீட்டில் கூட்டினார். வாணிகத்தில் உண்மையைக் கடைப்பிடிக்க முடியும், கடைப்பிடித்தல் வேண்டும் என்பது பொருள். அயல்நாட்டில் ஒருசிலரின் ஒழுக்கத்தைக் கொண்டே கோடிக்கணக்கான நம் நாட்டு மக்கள் மதிப்பிடப்படுவர் என்று வணிகர்களிடமே எடுத்துச் சொன்னார். அதுவே தம் வாழ்வின் முதற் சொற்பொழிவு என்று கூறலாம் என அவரே எழுதுகின்றார்.

இரண்டே ஆண்டுகளுக்குள் இம்மாற்றம் எவ்வாறு வந்தது? பேசும் பொருளில் ஆர்வம் இருந்தால் அச்சம் போகும் என்று சொல்வதுண்டு. அஃது எனக்கு நிறைவு தரும் விடையன்று. மரக்கறி உணவிலும் அவருக்கு ஆர்வம் குறைவில்லையே! நான் காணும் வேறுபாடு ஒன்று உண்டு. இலண்டனில் அவர் தாளை வாங்கிப் படிக்க ஒருவர் இருந்தார்; வெண்ட்னரில் நண்பர் இருந்தார்; பம்பாயில் பட்டேல் இருந்தார். பிரிட்டோரியாவில் அவ்வாறு ஒருவரும் இலர். அவர் வாய் திறவாவிடின் அச்செய்தி சொல்லப்படாமலே போயிருக்கும். அதனை அவர் உணர்ந்திருந்தார். பொருளையும் முன்னரே நன்கு ஆராய்ந்து சென்றிருந்தார். ‘என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ’ என்னும் எண்ணத்துக்கு அங்கே இடமில்லாது போயிற்று.

ஆதலால், நமக்காகப் பிறர் பேசட்டும் என்று விட்டுக்கொடுக்குந்தோறும் அச்சத்துக்கு உரமிடுகின்றோம் என்பேன். அடுத்தவனிடம் விடையை முணுமுணுத்து அவனை எழச் செய்யும் மாணவன் செய்வதும் இதுவே. பிறர் எழுதித் தந்த உரையை நெட்டுருச் செய்து முழங்குவதையும் யான் பெரிதாகக் கருதுவதில்லை. அதில் குரல் வளரலாம், துணிவு வளர்வதில்லை.

ஆனால் குற்றம் முழுவதும் அஞ்சுபவனுடையதன்று. யான் ஆசிரியத் தொழிலில் புகுந்த புதிதில் மாணவன் ஒருவன் செய்யுளைப் படிக்கும்போது ஒரு தொடரைத் தவறாகப் பிரித்துவிட்டான். பொருள் விபரீதமாயிற்று. வகுப்பு சிரித்தது; யானும் சிரித்தேன். அவ்வாண்டு முடியும்வரை அவன் தானாக எழுந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆண்டிறுதித் தேர்வில் அவன் விடைத்தாளே வகுப்பில் சிறந்தது. அதனைத் திருத்தியபோது யான் பட்ட வெட்கத்தை இன்றும் மறந்திலேன்.

காந்தியடிகளுக்கும் கூச்சம் முற்றும் அகன்றுவிடவில்லை. அறியாத கூட்டத்தின்முன் நிற்கும்போதெல்லாம் தயக்கம் உண்டாயிற்றென்றும், அத்தயக்கமே சொற்களை அளந்து பேசும் பழக்கத்தைத் தந்ததென்றும் அவர் எழுதியுள்ளார். பிரிட்டோரியாக் கூட்டம் ஒரு நாளோடு முடியவில்லை, தொடர்ந்து நடைபெற்றது. ஆங்கிலம் கற்க விரும்பியவர்க்குத் தாமே கற்பிப்பதாகக் கூறினார். முடிதிருத்துபவர் ஒருவர், எழுத்தர் ஒருவர், சிறுகடைக்காரர் ஒருவர் ஆக மூவர் முன்வந்தனர். நாளடைவில் அந்நகரில் அவர் அறியாத இந்தியர் ஒருவரும் இலராயினர். எவரேனும் பேச்சுக் கொடுப்பரோ என்று அஞ்சி வீட்டுக்கு ஓடிய அச்சிறுவர்தாம் அவர்.