செய்துகாட்டலும் கண்கட்டும்

விஞ்ஞானத்திற் செய்துகாட்டல் என்பது ஒரு சான்று. ஐயுறுவோர் அருகில் வந்து தாமே பரிசோதிக்கலாம் என்னும் அழைப்பு அதனுள் அடங்கியுள்ளது. அவ்வழைப்பு நீக்கப்படுமிடத்து எஞ்சுவது கண்கட்டு வித்தையே. மிகை மெய்ம்மைத் தலையணிகளின் பெயரால் 2015 இல் அரங்கேறிய காட்சிகள் இதற்குத் தக்க உதாரணங்களாகும்.

கண்முன்னுள்ள உலகின்மீது கணினி உருவங்களைப் படியவைத்துக் காட்டுதலே இத்தலையணிகளின் பணி. 1968 இல் ஐவன் சதர்லாந்து இத்தகைய கருவியொன்றை விளக்கி எழுதியபோது, அதிற் தெரிந்தவை வெறுங் கோட்டுருவங்களே. அவர் உரிமை கோரியதும் அவ்வளவே. அந்த நேர்மை பின்வந்தோரிடம் நிலைக்கவில்லை. 2015 மார்ச்சில் அமெரிக்காவின் மஜிக் லீப் கம்பனி ஒரு காணொளியை வெளியிட்டது. அலுவலகத்தினுட் பாய்ந்துவரும் இயந்திர மனிதரை ஒருவர் சுட்டு வீழ்த்துகின்றார். தமது அலுவலகத்தில் அப்போது ஆடப்படும் விளையாட்டு என்றே அது அறிமுகஞ் செய்யப்பட்டது. அது திரைப்பட உத்திகளாற் புனையப்பட்டதென்பது 2016 டிசம்பரிற் பத்திரிகைச் செய்தியாக வெளிவந்தது. மைக்ரோசொப்ற் கம்பனி 2015 ஜூனில் ஹோலோலென்ஸ் கருவியை மேடையேற்றியபோது, சிறப்புக் கமெராவினூடாக மேசை நிறைந்த மாயநகரைச் சபையோர் கண்டனர். கருவியை அணிந்தோருக்குப் புலப்பட்டதோ சிறு சாளரமளவான பரப்பு மட்டுமே.

இவ்விடைவெளிக்குப் பௌதிகக் காரணமும் உண்டு. அன்றைய ஒளிபுகு கண்ணாடிகள் புறவொளியுடன் தம் ஒளியைக் கூட்டவல்லன, கழிக்கவல்லன அல்ல. ஆதலால் அவற்றாற் கருமையை வரைதல் இயலாது; வெளிச்சமான அறையில் உருவங்கள் வெளிறியே தோன்றும். விளம்பரங்களிலோ அவை நிழலும் திண்மையும் பெற்று உலாவின.

புதுமை யாவும் முதலிற் கனவே. கனவைக் காட்டுதல் குற்றமா என வினவுவோர் உளர். கனவைக் காட்டுதல் குற்றமாகாது. அதனைக் கைவந்த பொருளெனக் காட்டி மூலதனந் திரட்டுதலே குற்றம். மஜிக் லீப் 2014 ஒக்டோபரில் 54 கோடி டொலருக்கு மேற் பெற்றது. பொருள் சந்தைக்கு வருமுன்பே முதலீடு 200 கோடி டொலரைக் கடந்திருந்தது. 2018 ஓகஸ்டில் 2,295 டொலர் விலையில் வந்த கருவி அக்காணொளியின் உலகைத் தரவில்லை. 2020 ஏப்ரலிற் பணியாளருள் ஏறக்குறைய அரைப்பங்கினர் நீக்கப்பட்டதாகச் செய்திகள் கூறின. மூலதனம் வேறு துறை தேடிச் செல்லும். வேலையிழந்தோருக்கு அவ்வசதி இல்லை. ஹோலோலென்ஸின் உற்பத்தியும் 2024 இல் நிறுத்தப்பட்டது.

கருவிகள் திருந்தலாம், திருந்தியும் வருகின்றன. ஆயினும் காட்சியைக் கண்டவுடன் கைதட்டும் மனப்பாங்கு திருந்தாதவரை, அடுத்த மேடையிலும் இதே வித்தை நிகழும். பல்கலைக்கழகம் சென்றோரும் அம்மனப்பாங்கிற்கு ஆட்படுவரேல், அவர் பெற்ற கல்வியாற் பயன் யாது? அவர்கள் எழுப்பவேண்டிய வினா மிக எளியது: இக்காட்சியைப் பதிவுசெய்த கமெரா எங்கிருந்தது? அணிந்தவரின் கண் இருக்கவேண்டிய இடத்தில் அது இருக்கவில்லையெனின், காட்டப்பட்டது கருவியன்று, விளம்பரம்.