சாரதியின் அனுமதிப்பத்திரமும் பஸ்ஸின் பெர்மிட்டும்

"விமானி வர்த்தக அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறார், வேறென்ன வேண்டும்?" சிறுவிமானங்களை வாடகைக்குப் பிடித்துத் தருவோரின் இவ்வொரு வாக்கியத்துக்கு மயங்கிப் பணம் கொடுக்கக்கூடிய நம்மவர்களை எண்ணியே இதனை எழுதுகின்றேன். ரொரன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ இரு வார விடுமுறையில் வருவோருக்குக் கண்டி வீதியின் நெரிசல் பெருந்தொல்லை. பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் மிதவை விமானங்கள் இறங்கியதை அவர்கள் அறிவர். பழைய தெல்தெனிய நகரை விழுங்கிக் கிடக்கும் விக்டோரியா நீர்த்தேக்கமோ அதனினும் பரந்தது. ஆசை எழுவதில் வியப்பில்லை.

தெல்தெனியவில் இதனை விளக்க விமானமே தேவையில்லை. திகன வழியாகக் கண்டிக்கு ஓடும் தனியார் பஸ்ஸின் சாரதியிடம் கனரக வாகன அனுமதிப்பத்திரம் உண்டு. அதனைக் காட்டி அவர் தமது சொந்த பஸ் ஒன்றைக் கொணர்ந்து பயணிகளை ஏற்ற முடியுமா? முடியாது. வழித்தட பெர்மிட் வேண்டும். முன்னது ஆளின் தகுதி. பின்னது தொழிலின் தகுதி. ஒரு முதலாளி தமது காரைச் செலுத்த அதே சாரதிக்குச் சம்பளம் கொடுத்தால் எவரும் கேள்வி கேட்கப்போவதில்லை. அந்தக் காரே ஹயர் ஓடத் தொடங்கினால் கதை வேறு. விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கம்பனி கையை விரித்துவிடும்.

வானத்திலும் இதே நியாயந்தான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பின்படி வர்த்தக விமானிக்கு வயது 18 நிறைந்திருக்கவேண்டும். 200 மணித்தியாலப் பறப்பு அனுபவம் வேண்டும் (அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நெறியாயின் 150). இப்பத்திரம் கிடைத்தவர் ஊதியம் பெற்றுப் பறக்கலாம். ஒரு செல்வந்தர் தமது விமானத்தில் தமது குடும்பத்தை ஏற்றிச் செல்ல அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். அது தனியார் பறப்பே. ஆனால் அவ்விமானத்தில் உங்களை ஏற்றி உங்களிடம் கட்டணம் அறவிட்ட கணமே அது வர்த்தகப் போக்குவரத்து. அதற்கு இயக்குநர் சான்றிதழ் வேண்டும். இலங்கையில் அதனை வழங்கும் அதிகாரம் சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்குரியது. பராமரிப்பு, விமானிகளின் ஓய்வு, தொடர்பயிற்சி, காப்புறுதி ஆகியன பரிசீலிக்கப்படுவது அச்சான்றிதழின் பெயரிலேயே. விமானியின் சட்டைப்பையிலுள்ள அட்டை இவற்றில் ஒன்றுக்கேனும் உத்தரவாதமன்று.

இங்கேதான் தந்திரக்காரர் நுழைகின்றனர். "விமானத்தை உங்களுக்குக் குத்தகைக்குத் தருகிறோம், விமானியை நீங்களே அமர்த்திக்கொள்ளுங்கள்" என்று ஒரு தாளை நீட்டுவர். அமெரிக்க அதிகாரிகள் பல்லாண்டுகளாகத் துரத்திவரும் உத்தி இது. கையெழுத்திட்டால் காகிதத்தில் இயக்குநர் நீங்கள். பொறுப்பும் உங்கள் தலையில். பயணி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உங்கள் பேதைமை!

மிகைப்படுத்துகின்றேன் என்பீரேல், 2019 ஜனவரி 21 இரவை நினைவுகூருங்கள். ஆர்ஜென்டீன உதைபந்தாட்ட வீரர் எமிலியானோ சாலா நான்ட் நகரிலிருந்து கார்டிஃப் நோக்கிப் புறப்பட்ட ஒற்றை எந்திர விமானம் ஆங்கிலக் கால்வாயில் வீழ்ந்தது. விமானியிடமிருந்தது தனியார் அனுமதிப்பத்திரம் மட்டுமே. இரவில் பறக்கும் தகுதியும் இல்லை. புகைபோக்கித் தொகுதியிலிருந்து கசிந்த காபனோரொட்சைட்டு விமானியைப் பாதித்திருக்கலாம் என விசாரணை கண்டது. பறப்பை ஒழுங்குசெய்தவருக்கு 2021 நவம்பரில் 18 மாதச் சிறை. விமானியிடம் வர்த்தகப் பத்திரம் இருந்திருந்தாலும் அப்பறப்பு சட்டபூர்வமாகியிராது. ஏற்பாட்டாளரிடம் இயக்குநர் சான்றிதழ் இல்லை. இதனை நமது பத்திரிகைகள் எத்தனை எழுதின?

இன்னொரு அநியாயமும் உண்டு. காணியை ஈடுவைத்து இரத்மலானையில் பயின்ற இளைஞன், மணித்தியாலங்களைச் சேர்க்கும் அவசரத்தில் இத்தகைய பறப்புக்கு இணங்குகின்றான். பிடிபட்டால் முதலில் பறிபோவது அவனது பத்திரம். விமானச் சொந்தக்காரர் வேறொரு பையனைத் தேடிக்கொள்வார்.

ஆகவே விமானியின் தகுதியை விசாரிப்பதோடு நில்லாதீர்கள். இயக்குநர் சான்றிதழ் யார் பெயரில் உள்ளது, இந்த விமானம் அதில் இடம்பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். தடுமாறினால் வான் பிடித்துக் கடுகண்ணாவை வழியே வாருங்கள். அதிகார சபையும் சான்றிதழ் பெற்றோரின் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் கட்டுநாயக்க வருகை மண்டபத்தில், சாராயக் கடை விளம்பரங்களுக்குப் பக்கத்திலாவது, ஒட்டி வைக்கட்டும்.