வழக்கேடே ஏழையின் அரண்

மேன்முறையீட்டு மன்று சாட்சியின் முகத்தைக் காண்பதில்லை, வழக்கேட்டையே காண்கின்றது. ஏட்டில் இல்லாதது அம்மன்றைப் பொறுத்தவரை உலகிலேயே இல்லாததாகும். ஆதலின், குறையுற்ற வழக்கேட்டைத் திருத்துமாறு ஒருவர் கோருமிடத்து, அவர் பெரும் எண்ணெய்க் கம்பனியேயாயினும், அக்கோரிக்கையைச் சூழ்ச்சியென்று ஒதுக்குதல் தகாது. இதற்கு எக்குவடோர் நாடே சான்று.

அந்நாட்டின் அமசோன் காட்டில் டெக்சாக்கோ கம்பனி எண்ணெய் எடுத்தது. திறந்த குழிகளிலும் ஆறுகளிலும் கழிவு விடப்பட்டதென்று, ஏறத்தாழ 30,000 மக்களின் பேரால் 1993 இல் நியூயோர்க்கில் வழக்கு எழுந்தது. எக்குவடோரிலேயே வழக்காடுக என்று திருப்பப்பட்ட அம்மக்கள், 2003 இல் லாகோ அக்ரியோ நீதிமன்றை நாடினர். வழக்கேடு 2 இலட்சம் பக்கங்களுக்கு மேல் வளர்ந்தது. டெக்சாக்கோவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட செவ்ரோனுக்கு எதிராக 2011 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கம்பனி மேன்முறையிட்டது. 2012 சனவரியில் தீர்ப்பு உறுதியாயிற்று. 2013 இல் அந்நாட்டு உச்ச மன்று இழப்பீட்டை ஏறத்தாழ 950 கோடி டொலராக நிறுத்தியது.

மக்கள் வென்றனர் என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால் நிகழ்ந்தது என்ன? தீர்ப்பின் சில பகுதிகள் வழக்காளர் தரப்பின் உள்ளகக் குறிப்புகளோடு சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தன. அக்குறிப்புகளோ வழக்கேட்டில் இல்லை. அவை வேறு வழியில் நீதிபதியின் கைக்குச் சேர்ந்திருக்கலாம் என்ற வாதம் எடுபடவில்லை. 2014 இல் நியூயோர்க் நீதிபதி கப்லான், தீர்ப்பு மோசடியாற் பெறப்பட்டதென முடிவு செய்தார். 2016 இல் அங்குள்ள மேன்முறையீட்டு மன்றும் அதனை ஏற்றது.

எண்ணெய்க் குழிகள் பொய்யல்ல. பொய்யல்லாத துன்பத்துக்கும் பொய்யற்ற ஏடு வேண்டும் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

விடுபட்ட பத்திரத்தைச் சேர்ப்பதற்கு நேர்வழி உண்டு. மன்றுக்கு விண்ணப்பம், எதிர்த்தரப்புக்கு அறிவித்தல், பதிவாளரின் சான்று, பக்கத்துக்குப் பக்கம் இலக்கம்: இவ்வளவே. ஏட்டைத் திருத்துதல் என்பது அன்று மன்றின் முன் இருந்ததை இன்று நிறைவாக வைத்தலாகும். அன்று இல்லாததைப் பின்கதவால் நுழைத்தல் திருத்தமன்று. காலத்தைக் கடத்துதலும் திருத்தமன்று.

செல்வக் கம்பனி ஒரு நாட்டில் தோற்றால் மற்றொரு நாட்டின் நீதிமன்றக் கதவைத் தட்டும். காட்டு மக்களுக்கு இருப்பதோ அந்த ஓர் ஏடுதான். அதனைக் குறையின்றிக் காக்கவேண்டியவர், எதிரியைக் காட்டிலும் முதலில், மக்களுக்காக வழக்காடுவோரே.